அங்கிட்டு இல்லடா

நார்த்தாமலை
3.1.2026

அன்புள்ள ஜெரால்டு,

போனில் பேசினால் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

வீர் சக்ரா வாங்கி வந்துவிட்டேன். கூடக் கொடுத்த தாளில் 'எதிரியின் அரணை நோக்கித் தனியாக முன்னேறினார்' என்று இருக்கிறது. முன்னேறவில்லை. தப்பி ஓடினேன். புகையில் திசை மாறிவிட்டது. எதிரே மூன்று பேர். பயத்தில் சுட்டேன்.

பார்த்தது நீ மட்டும். "அங்கிட்டு இல்லடா, இங்கிட்டு வா" என்று கத்தியபடி பதுங்குகுழியை விட்டு ஏறி வந்தாய். உன் கால் போனது அதற்குத்தான்.

பொங்கல் கழித்து உங்கள் ஊரில் பாராட்டு விழா. மேடையிலேயே சொல்லிவிடப் போகிறேன்.

வெட்கத்துடன்,
எழிலரசன்

குளத்தூர்
8.1.2026

மாப்ள எழில்,

நலம். புதுக் காலோடு டீக்கடை வரை போகிறேன். "ஒத்தச் செருப்புதான தேயும், குடுத்து வச்ச ஆளு" என்கிறார் கடைக்காரர்.

உன் பின்னால் முன்னேறி வந்தேன் என்றுதான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். மகள் ஜெனிட்டா அதைப் பேச்சுப்போட்டியில் பேசிப் பரிசே வாங்கிவிட்டாள். நீ உண்மையைச் சொன்னால் நான் யார்? ஓடிப்போனவனைக் கூப்பிடப் போய்க் காலை விட்டவன். உன் வெட்கத்தை நீ இறக்கி வைத்தால் நான் அல்லவா தூக்க வேண்டும்.

சும்மா வா. சால்வையை வாங்கிக்கொள். வீட்டில் கோழி அடிக்கிறோம்.

உன்
ஜெரால்டு

நார்த்தாமலை
19.1.2026

ஜெரால்டு,

சாப்பிடாமல் வந்ததற்கு மன்னித்துவிடு.

வாயைத் திறப்பதில்லை என்றுதான் மேடை ஏறினேன். ஜெனிட்டா மைக்கை நீட்டினாள். "அப்ப எங்கப்பா என்ன சொன்னாங்க, மாமா?"

"அங்கிட்டு" என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். கையையும் நீட்டிக் காட்டினேன், எதிரி இருந்த பக்கம் போக நீதான் எனக்கு வழி காட்டியது போல. கைதட்டல் அடங்கவில்லை. உனக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

லீவு முடியும் முன் ஒரு நாள் வருகிறேன்.

எழில்

குளத்தூர்
2.2.2026

எழிலரசன்,

சும்மா இருக்கத்தான் சொன்னேன்.

பேருந்து நிறுத்தத்தில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் நான் கை நீட்டி நிற்கிறேன். கீழே பெரிய எழுத்தில் 'அங்கிட்டு!' பிள்ளைகள் என்னைக் கண்டால் அதைக் கத்துகிறார்கள். மரியாதையாகத்தான்.

நான் கத்தியதில் மறுபாதி உன்னைக் கூப்பிட்டது. ஊரில் நான் சொன்னது பொய்தான். ஆனால் அந்த மறுபாதியை எனக்குள் வைத்திருந்தேன். கூச்சமில்லாமல் நினைத்துப் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது.

நேற்று ஜெனிட்டா லாரி வரும் பக்கம் சைக்கிளைத் திருப்பிவிட்டாள். "அங்கிட்டு இல்லடி" என்று கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நல்லவேளை, அவளே ஒதுங்கிவிட்டாள்.

லீவில் வருவதாக எழுதியிருந்தாய்.

இங்கிட்டு வர வேண்டாம்.

ஜெரால்டு