பின் சீட் உன் கட்டில்மேல் கிடக்கிறது

அன்பு மகள் ரூபினிக்கு,

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து அம்மா எழுதுவது. ஜப்பானில் நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது பிள்ளையாரிடம் சொல்லிவைக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் தம்பி ஷர்வினும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அவன் சுகம் இப்போது உன் வாய் வார்த்தையில் இருப்பதால் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்கிறாயாம், தம்பி சொன்னான். அப்படிக் கேட்டுவிட்டுத்தான் எனக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்புகிறாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, நிதானமாகப் படி.

போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பிளாட்டுக்குக் கீழே நம் மைவி காருக்குப் பக்கத்தில் நின்று நீயும் அவனும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினீர்களே, எல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான். ரோட்டில் ஓடுகிற காருக்கும் பந்தயக் காருக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்டானாம். நீ பந்தயக் குழுவில் இஞ்சினியர் அல்லவா, வேகத்துக்கு உதவாத எதுவும் பந்தயக் காரில் இருக்காது, ரோட்டுக் காரில் பாதிக்குமேல் வெட்டிச் சுமைதான் என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டாய். நீ விமானம் ஏறினாய், அவன் ஸ்பானரை எடுத்தான். முதலில் பின் சீட் போனது. பிறகு தரையில் ஒட்டியிருந்த கம்பளம், ஏர்கோன், ஸ்பேர் டயர். பாசாரில் தேங்காய் வாங்கிப் பின்னால் போட்டால் வெறும் தகரத்தில் உருண்டு ஒவ்வொரு வளைவிலும் இடி இடிக்கிறது. காலையில் அவன்தான் என்னைக் கெலுகோரில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் இறக்கிவிடுகிறான், நான் கவுண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் முகத்தில் போட்ட பவுடர் கழுத்துக்கு இறங்கிவிடுகிறது, ஒரு நாள் டாக்டர் என்னையே நோயாளி என்று நினைத்து உட்காரச் சொல்லிவிட்டார். முன்னால் இருந்த நல்ல சீட்டுகளையும் கழற்றிவிட்டுக் கிண்ணம் போல ஆளுக்கு ஒரு சீட் மாட்டியிருக்கிறான். அதில் உட்காருவது சுலபம், எழுந்திருக்கத்தான் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நம் மக்சிக் காமாரியா வந்து கை கொடுத்து இழுக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நீ அவனைத் திட்டுவாய் என்று பார்த்தால் நீ பார்சலில் ஸ்டியரிங் அனுப்புகிறாய். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஸ்டியரிங், அதில் ஹாரன் கிடையாது. பினாங்கில் ஹாரன் இல்லாமல் கார் ஓட்டுகிறவன் உன் தம்பி ஒருவனாகத்தான் இருப்பான். பைக் குறுக்கே வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓய் என்று கத்துகிறான். அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றால் அவர் கட்சியே வேறு. செபராங் ஜெயாவில் அவர் வேலை செய்யும் கடையில், என் மகள் ஜப்பானில் ரேஸ் கார் செய்கிறாள் என்று அவர் சொல்லாத வாடிக்கையாளர் பாக்கியில்லை. மகள் செய்வதை மகனும் செய்கிறான், அதில் உனக்கு என்ன கஷ்டம் என்று என்னையே கேட்கிறார். நானும் அதோடு விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு ஒரு நாள் புது டயர் வாங்கியிருக்கிறேன், பூசை போட வேண்டும் என்றான். கோவிலுக்குப் போய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் வைக்கக் குனிந்த ஐயர் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னம்மா, எல்லாம் பொத்தாக்கா இருக்கு என்றார். டயர் தேய்ந்து வழுக்கையானால்தான் பொத்தாக் என்று மாற்றச் சொல்வார்கள், இவனோ கம்பெனிக்காரன் செய்யும்போதே வழுக்கையாகச் செய்த டயரைத் தேடி வாங்கி வந்திருக்கிறான். அக்கா வேலை செய்யற எடத்துல இதான் மா போடுவாங்க, ரோட்ட நல்லா புடிக்கும் லா என்றான். நீ அப்படிச் சொன்னது உண்மைதானாம். காய்ந்த ரோட்டில் பிடிக்குமாம். மழை பெய்தால் என்ன ஆகும் என்று நீ சொன்னாயா, சொல்லி அவன் காதில் ஏறவில்லையா, அது உங்கள் இருவருக்கும்தான் வெளிச்சம். நம் ஊரில் மழை பெய்யாத வாரம் உண்டா ரூபி?

அடுத்த வாரமே பெய்தது. அவன் அப்பாவை அழைத்துக்கொண்டு பாயா தெருபோங் பக்கமிருந்து இறக்கத்தில் வந்தபோது கார் அப்படியே வழுக்கி, முழுதாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்றிருக்கிறது. கீழே சிவப்பு விளக்கு விழுந்திருந்ததால் எதிரே ஒரு வண்டியும் வரவில்லை, அவ்வளவுதான், வேறு எந்தக் கெட்டிக்காரத்தனமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. வண்டி உருண்டால் நசுங்காமல் இருக்க என்று கூரையோரமாக இரும்புக் குழாய் வைத்துக் கட்டியிருக்கிறான் அல்லவா, அந்தக் குழாயில் அப்பாவின் நெற்றி மோதிவிட்டது. கடை அலமாரியில் இடித்துக்கொண்டேன் என்று அவர் என்னிடம் சொன்னார். நானும் நம்பி, எண்ணெய் தடவி, கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மக்சிக் காமாரியாவின் மருமகன் அன்றைக்குப் பைக்கில் பின்னாலேயே வந்திருக்கிறான், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தகப்பனும் மகனும் சேர்ந்து என்னிடம் மறைத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவர்கள் இரண்டு பேரும் உயிரோடு வந்ததை நினைத்தால் அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துவிடுகிறது. எரிச்சல்தான் பரவாயில்லை, அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிகிறது.

போன மாதம் நான் உனக்குப் போன் செய்து, பந்தயம் நடக்கும்போது அங்கே என்னென்ன இருக்கும் என்று கேட்டேனே, உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவுக்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் சொன்னாய். ஏன் கேட்டேன் என்று இப்போது தெரிந்துகொள். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருப்பார், கழுத்து ஒடியாமல் இருக்கப் பட்டை கட்டியிருப்பார், குழாய்க்கெல்லாம் மெத்தை சுற்றியிருக்கும் என்றாய். டாக்டரோடு ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும், தீயணைக்க ஆள் இருக்கும், மழை வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கோடு போட்ட டயர் மாற்ற ஆள் இருக்கும், எல்லாக் காரும் ஒரே திசையில்தான் போகும், ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஒருவர் நின்று முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டுவார் என்றாய். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் யோசித்தேன். உங்கள் காரிலிருந்து கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் பதிலாக அங்கே ஒரு மனுஷன் நிற்கிறான். என் பிள்ளை சாமானை மட்டும் கழற்றிவிட்டான்.

மறுநாள் காலையில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினேன். என்னா மா இது என்றான். இது பந்தயக் கார் என்று நீதானே சொன்னாய், ஹெல்மெட் இல்லாமல் நான் ஏற மாட்டேன் என்றேன். கெலுகோர் போகும் வழியெல்லாம் பஸ்ஸில் இருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகள் படம் பிடித்தார்கள், அது உனக்கும் வந்திருக்கும், அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பது உன் அம்மாதான். சாயங்காலம் அவன் வெளியே கிளம்பும் நேரம் பார்த்து, பிளாட் வாசலில் வண்டி மெதுவாகப் போக ரோட்டில் மேடு கட்டியிருக்கும் பம்ப் அருகில் மஞ்சள் ரவிக்கைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், என் மகன் ரேஸ் கார் ஓட்டுகிறான், கொடி காட்ட வேண்டாமா என்றேன். மக்சிக் காமாரியா சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவையும் நிற்க வைத்தேன், நெற்றி வீங்கிய மனுஷன் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெட்கம் வேலை செய்தது, பாதி மட்டும். நீ அனுப்பிய ஸ்டியரிங் பெட்டிக்குள் போய்விட்டது, பழைய ஹாரன் திரும்பி வந்தது, வேலை நாளில் நல்ல டயர் போடுகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வழுக்கை டயர் திரும்பவும் ஏறுகிறது, சிநேகிதர்களோடு எங்கோ போகிறான். குழாயையும் கழற்று என்றால், அக்காவுக்குத் தெரியாததா மா உங்களுக்குத் தெரியும், அக்கா சொல்லட்டும், நான் கழட்டறேன் என்கிறான். அவன் பிடிவாதக்காரனே தவிர பொய் சொல்கிறவன் இல்லை. நீ சொன்னால் செய்வான். நீ வேலை செய்யும் இடத்தில் அவன் ஒரு முறையாவது நிற்க வேண்டும் என்பதுதான் அவன் ஆசை முழுவதும், அது உனக்கும் தெரியும். ஆகையால் இந்தக் கட்டைவிரலை எல்லாம் எனக்கு அனுப்பாதே. கடிதம் கைக்குக் கிடைத்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு, அங்கே கொடியோடு நிற்கிறவர்களைப் பற்றிச் சொல். எனக்குச் சொன்ன அதே சந்தோஷத்தோடு சொல், திட்டாதே. சொல்லிவிட்டு, குழாயைக் கழற்று, சீட்டை மாட்டு என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொல். உங்கள் இடத்தில் வளைவுக்கு ஒருவர் நிற்கிறார் ரூபி. இங்கே நான் ஒருத்திதான், பம்ப் வரைக்கும்தான் என்னால் நிற்க முடியும்.

குளிர் தொடங்கிவிட்டது என்றாய், காதை மூடிக்கொள், மாவுச் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டிருக்காமல் ஒரு பிடி சோறு வடித்துச் சாப்பிடு. பிள்ளையார் உன் கூடவே இருப்பார், உன் கையால் முடுக்கும் ஒவ்வொரு திருகும் சரியாக நிற்கட்டும், அதில் உட்காருகிற பிள்ளையும் தன் அம்மாவிடம் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். மறந்துவிடாதே, அடுத்த லீவுக்கு நீ வரும்போது உன் அறையில் படுக்க இடமில்லை, காரின் பின் சீட்டை அவன் உன் கட்டில்மேல் போட்டு வைத்திருக்கிறான். அது காருக்குப் போனால்தான் நாங்கள் மூன்று பேரும் உன்னை அழைக்க விமான நிலையத்துக்கு வர முடியும். அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மோகனா பிச்சைமுத்து