டோலைத் தாண்டிய கண்ணாடி

ஆவணி 12, வியாழன்

சாயங்காலம் போனில் ஒரு செய்தி. எங்கள் லாரி சூலூர்பேட்டை டோலைத் தாண்டியதாம், கணக்கில் பணமும் எடுத்துவிட்டார்கள். அந்த லாரியோ கும்மிடிப்பூண்டியில் எங்கள் ஷெட்டில் முன் கண்ணாடி இல்லாமல் நிற்கிறது. கல்லடி பட்ட கண்ணாடியை மதியம்தான் கழற்றினோம்.

டிரைவர் டில்லிமேல் பாய்ந்தேன். டோல் பணம் கட்டும் ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டானோ என்று சந்தேகம்.

"சத்தியமா யாருக்கும் குடுக்கல யக்கா!"

"அப்ப டேக் எங்க டில்லி?"

அவன் முகம் மாறியது. "பழைய கண்ணாடிலயே ஒட்டிக்கினு கீது. உரிக்க மறந்துட்டேன். காயலான் கடைக்காரு அத்த மினி வேன்ல நிக்கவச்சி கட்டிக்கினு பூட்டாரு. வடக்க எங்கியோ போறேன்னாரு."

டோல் மெஷின் அந்த டேக்கைப் படித்துவிட்டு கேட்டைத் திறந்திருக்கிறது. இன்ஜின் இல்லை, சக்கரம் இல்லை, வெறும் கண்ணாடி, லாரிக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறது! டில்லியிடம் கோபப்படவும் முடியவில்லை, சிரிப்புதான் வந்தது.

டேக்கை உடனே முடக்கச் சொன்னான். சரி என்றேன். இன்னும் முடக்கவில்லை. அடுத்த டோலிலும் கேட் திறக்குமா என்று தெரிய வேண்டும்.

இத்தனை வருஷமாக வண்டிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். ஆந்திர எல்லையிலிருக்கும் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

போன் மினுங்கியது. கண்ணாடி நெல்லூர் டோலையும் தாண்டிவிட்டது.

காலையில் முடக்கிக்கொள்ளலாம்.