பால்வாடி நம் தெருவில்தான் இருக்கும், மதினி

எதற்கும் வாய் மூடாத என் மதினிக்கு,

உங்கள் மகள் கோமதி இப்போது பால்வாடிக்குப் போகிறாள். அண்ணன் தறிக்கும் நான் பூக்கடைக்கும் போய்விட்டால் பகலெல்லாம் அவளுக்கு அதுதான் வீடு. அந்த வீட்டைத்தான் நம் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள்.

பட்ஜெட் அன்றைக்கு டிவி பக்கம் எங்களை விடவே மாட்டீர்கள். "பச்சப்புள்ளைகளுக்கு என்ன ஒதுக்கியிருக்காவன்னு பாக்குதேன், சும்மா இருட்டி" என்று என்னை அடக்குவீர்கள். பேப்பரில் பால்வாடி பற்றி ஒரு வரி வந்தாலும் குழாயடியில் எல்லாரிடமும் சொல்வீர்கள். காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அங்கே அந்தப் பேச்சே நின்றுபோனது.

இந்த மழையில் பால்வாடிக் கூரை ஒழுகியது. கவுன்சிலர் வந்து பார்த்தார். "கட்டடம் தாங்காது. ராஜபாளையம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க பால்வாடியோட சேத்திரலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு அது. வேலைக்கு ஓடுகிற எந்தத் தாயால் தினமும் பிள்ளையை அந்தப் பக்கம் கொண்டு விட முடியும்?

நானும் எதிர்வீட்டு மேரியக்காவும் பால்வாடிகளைக் கவனிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போனோம். நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்த தைரியத்தில், "ரிப்பேருக்குன்னு பணம் ஒதுக்கியிருக்காவல்லா?" என்று கேட்டேன்.

அதிகாரியம்மா கோபப்படவில்லை. "அது பழைய திட்டம்மா. இப்ப எல்லாம் மாறிட்டு. நகராட்சி தீர்மானம் போட்டுக் கேக்கணும். உங்க வார்டுல இருந்து யாருமே கேக்கலியே?"

நீங்கள் இல்லாத இந்த மாதங்களில் எங்களுக்குத் தெரியாமல் என்னவெல்லாம் மாறிவிட்டது, மதினி! திரும்பி வரும்போது அழுகையை விட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அன்றிலிருந்து மேரியக்கா போனில் புது விதிகளைத் தேடி வாசிப்பார். புரியாததைக் கேட்க நான் அலுவலகத்துக்கு நடப்பேன். வெளியே காக்க வைத்தார்கள், காத்திருந்தேன். நாளைக்கு வா என்றார்கள், போனேன். தெரிந்துகொண்டதையெல்லாம் தெருப் பெண்களிடம் சொன்னேன். வார்டு கூட்டத்துக்குப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரும் சேர்ந்தே போனோம்.

"புள்ளைகள எதுக்கும்மா தூக்கிட்டு வந்திய?" என்றார் கவுன்சிலர்.

"இவுகளப் பத்தித்தான அண்ணாச்சி பேச்சு? இவுகளும் இருக்கட்டும்" என்றேன்.

"பணம் வாரது என் கையிலயா இருக்கு?"

"தீர்மானம் உங்க கையிலதான இருக்கு! நகராட்சியில போடுதோம்னு சொல்லுங்க. சொல்லாம இங்கன இருந்து எந்திரிக்க மாட்டோம்."

கோமதி வீறிட்டு அழுதாள். வெளியே கொண்டு போகச் சொன்னார்கள். நான் அசையவில்லை. மற்ற பெண்களும் அசையவில்லை. கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார். சொன்னபடி நகராட்சியில் தீர்மானமும் போட்டார்கள். ரிப்பேருக்கு நிதி கேட்பது, அதுவரை நம் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டில் பால்வாடியை நடத்துவது.

இப்போது அங்கேதான் நடக்கிறது. நிதி இன்னும் வரவில்லை. வருமா? எனக்குத் தெரியாது. "வரலேன்னா என்னட்டி செய்வ?" என்று அண்ணன் கேட்டார். "வாரவரைக்கும் அவியளத் தூங்க விட மாட்டேன்" என்றேன். உங்களுக்கு அப்புறம் அண்ணன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மதினி, கோமதி ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகும் நான் நிறுத்த மாட்டேன். அவளுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் சரி, அவர்களுக்கு என்ன ஒதுக்கினார்கள், எது வந்தது, எது வரவில்லை என்று தெரிந்துகொண்டே இருப்பேன். எந்த வாசலில் நின்றும் கேட்பேன். இது உங்கள் மகள் மேல் சத்தியம்.

உங்கள் மகளுக்கு அத்தை,
உங்களுக்கு என்றும் நாத்தனார்,
பேச்சியம்மாள்
சங்கரன்கோவில்