ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச்

மரண அறிவித்தல்.

ஏறாவூர்க் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், எங்கள் ஜீப்பின் ஸ்டியரிங்குக்குக் கீழ்ப்புறத்தை வதிவிடமாகவும் கொண்ட கறுப்புச் சுவிட்ச் அவர்கள் இன்று காலை காலமானார். அன்னார், காலஞ்சென்ற கைப்பிரேக்கின் அன்புச் சகோதரரும், நெடுநாளாக இருமலால் அவதியுறும் சைலன்சரின் பாசமிகு மைத்துனருமாவார். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். தகவல்: உங்கள் தங்கை மகன்.

பெரியம்மா, உங்களுக்குப் போட்ட அறிவித்தல்கூட இவ்வளவு நீளமில்லை. அம்மா நாலு வரியோடு பேனையை வைத்துவிட்டார். மிச்சத்தை நான் சுவிட்சுக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

சுவிட்ச் இப்போது என் முன்னால் மேசையில் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் உங்கள் தைலம் மணக்கிறது. முழங்காலுக்குப் பூசிய கையைத் துடைக்காமலேதான் நீங்கள் ஜீப்பில் ஏறுவீர்கள். ஸ்டியரிங், கியர், கதவு, என் தலை, எல்லாவற்றிலும் ஒரே வாசம்.

செய்தி என்னவென்றால், பிட்னஸ் பரிசோதனையில் ஜீப் பாஸ். நாலாந்தரம் போய்த்தான். சந்தோசமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், களைப்புத்தான் வருகிறது. நம் வீட்டுக்குச் சோதனையில் மட்டும் ஒரு நாளும் குறை வந்ததில்லை. முதலில் சோதனைச் சாவடி, பிறகு எனக்குப் பரீட்சை, இப்போது ஜீப்புக்குப் பரிசோதனை. இதில் என்னைவிட அதிகம் பெயிலானது ஜீப்தான் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

நீங்கள் போன பிறகு அது கொட்டிலுக்குள்ளேயே நின்றது. பனிச்சங்கேணிக்குப் படிப்பிக்கப் போகும் ரீச்சர்மார் போன மாதம் மறுபடி கேட்டு வந்தார்கள். "பிட்னஸ் பேப்பர் இருந்தா இந்த ஜீப்பிலயே வாறம். இல்லாட்டி வான் பிடிக்கிறம்" என்றார்கள். அந்த ஹயர் கிடைக்காவிட்டால் ஜீப்பை இரும்புக்குக் கொடுத்துவிடுவதாக அம்மா முடிவெடுத்துவிட்டார். வீட்டுக்கு வீடு பிட்டு அவிக்கும் ஊரில் பிட்னஸுக்கு என்ன பஞ்சம் என்று பகிடி விட்டுப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. உங்களுக்குப் பிறகு என் பகிடிக்கு முதுகில் போடவும் ஆளில்லை.

பெரியப்பாவைச் சுனாமிக் கடல் கொண்டுபோன காலையில், இந்த ஜீப் பிரேக் கோளாறென்று ஏறாவூரில் மஜீது காக்காவின் கராஜில் கிடந்தது. அதனால் அது தப்பியது. அவர் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் போனார்; தப்பவில்லை. ஜீப் கையில் இருந்திருந்தால் என்று யாராவது தொடங்கினால் நீங்கள் எழுந்து குசினிக்குள் போய்விடுவீர்கள். கொஞ்ச நாளில் ஜீப்பை எடுத்துவந்து, தன்னாமுனை ரோட்டில் ஓடப் பழகத் தொடங்கினீர்கள்.

"அக்கா, இந்த வயசில என்னகா இது" என்றார் அம்மா.

"சும்மா நிண்டா கறள் பிடிச்சிரும்."

துருப்பிடிப்பது ஜீப்பா, நீங்களா என்று கேட்டேன். முதுகில் விழுந்தது.

கறள் பிறகும் பிடித்தது. ஆனால் முதல் தரம் பெயிலானது கைப்பிரேக்கால். பரிசோதகர் அதை இழுத்தார். அது அவர் கையோடு சுகமாக மேலே வந்தது. சில்லுக்கு அந்த விசயம் தெரியவேயில்லை.

"இதை ஒரு மேட்டில நிப்பாட்டினா என்ன நடக்கும்?" என்றார்.

"மட்டக்களப்பில மேட்டுக்கு நாங்க எங்க போறது, ஐயா?" என்றார் அம்மா.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெயில் போட்டார். நீங்கள் கைப்பிரேக் இழுத்து நான் பார்த்ததில்லை. நிறுத்தியதும் "மனே, கட்டை" என்பீர்கள். நான் குதித்துப் போய்ச் சில்லுக்குக் கட்டை வைப்பேன். ஒரு நாள் கட்டைக்குப் பதிலாக உங்கள் செருப்பை வைத்தேன். அன்றும் முதுகில் விழுந்தது, மிஞ்சிய மற்றச் செருப்பால்.

இரண்டாந்தரம் கறள். நீங்கள் ஏற்றி இறக்கிய மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீரும் உப்பும் அடியைத் தின்று, சேசிஸில் ஒன்றே முக்கால் அடிக்குக் கறள். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் சேர் கண்டிருந்தால் பொருள் எழுதச் சொல்லியிருப்பார். பரிசோதகர் சுத்தியலால் தட்டினார். பொருள் கீழே விழுந்தது. மஜீது காக்கா தகடு வைத்து வெல்டிங் அடித்தார். புகைக்கு இன்ஜெக்டர் கழற்றிக் கழுவினார். பிரேக் அடித்தால் இடப்பக்கம் இழுக்கிற பழைய நோயையும் ஒருவழியாகத் தீர்த்தார். நான் டோர்ச் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில், எல்லாம் நான்தான் செய்தேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே மேலே யாராவது விசாரித்தால் ஓம் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாந்தரம் வெயிலில் வரிசையில் நின்று நின்று அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. இம்முறை பாஸ் என்றே நினைத்தோம். பரிசோதகர் ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு எதையோ அமத்தினார். முன் விளக்கு இரண்டும் அணைந்தன. உள்ளே கூரை விளக்கு பற்றியது.

"இது என்ன வயரிங்?"

"சென்றிக்கு, ஐயா" என்றார் அம்மா.

அவர் கையை வெளியே எடுத்தார். பொழுது பட்ட பிறகு சென்றிக்கு, அந்தச் சோதனைச் சாவடிக்கு, கிட்டப் போனால் முன் விளக்கை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, முகம் காட்ட வேண்டும் என்பது அவருக்கும் தெரியாததல்ல. "சென்றி எல்லாம் எடுத்தாச்சே அம்மா. ஓடுற நேரம் இதில கை பட்டா முன்னுக்கு ஒண்டும் தெரியாது. கழட்டிப்போட்டு வாங்க" என்றார். நியாயம்தான்.

அந்தச் சுவிட்ச் வந்த கதையை நான் சொல்லாத ஆளில்லை. ஒரு சனிக்கிழமை பனிச்சங்கேணியிலிருந்து மீன் ஏற்றி வந்தோம். பின்னால் இரண்டு மீன் வியாபாரிகள். முன்னால் நீங்களும் நானும். மம்மல் நேரம், பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சென்றியைக் கண்டு பிரேக் அடித்தீர்கள். ஜீப் வழக்கம்போல இடப்பக்கம் இழுத்துக்கொண்டு மண்மூட்டைகளை நோக்கிப் போனது. உங்கள் ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கூரையில் விளக்கைத் தேடுகிறது. முன் விளக்கோ காவலுக்கு நின்றவனின் கண்ணிலேயே அடிக்கிறது. அவன் கத்தினான். துவக்கு ஒன்று கிளிக்கென்றது. பிறகு உள் விளக்கு பற்றியது. அவன் கிட்ட வந்து நம்மைப் பார்த்தான், மீனைப் பார்த்தான், போகச் சொன்னான்.

நான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் இடம் இதற்குப் பிறகுதான். பயத்தில் பெரியம்மாவின் கை நடுங்கி, தண்ணீர்ப் போத்தல் முழுவதும் என் மடியில் கவிழ்ந்தது. நான் மட்டும் சிங்கம் மாதிரி அசையாமல் இருந்தேன். நீங்கள் நடுங்கிய விதத்தை நடித்தும் காட்டுவேன். பக்கத்தில் நின்றால் நீங்களும் சிரித்துக்கொண்டு, "ஓம், எனக்குக் கை உதறிப்போச்சு" என்பீர்கள். உங்கள் செத்த வீட்டில் யாரோ அதே கதையைச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இன்று காலை மஜீது காக்கா வயரை வெட்டினார். "நீங்களே பூட்டி, நீங்களே கழட்டுறீங்க" என்றேன்.

"நான் அண்டைக்கே சொன்னன், இது பிழையான வயரிங் எண்டு. உன்ட பெரியம்மா கேக்கயில்ல. ஒரு விரலால அமத்தினா எல்லாம் நடக்கோணும் காக்கா, பொடியன் பக்கத்தில இரிக்கான், இன்னொருக்கா என்ட கை பிந்தப்படாது எண்டு நிண்டா." சுவிட்சை என் உள்ளங்கையில் வைத்தார். "இந்தா மகன். இது உனக்குப் பூட்டினது."

சுவிட்சை மூக்கருகே கொண்டுபோனேன். தைலம் மணத்தது.

காக்காதான் ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். பரிசோதகர் விளக்கு, பிரேக், புகை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் முன் இருக்கையைத் தட்டினார். உறையில் பழைய கறை ஒன்று தெரிந்தது.

"தண்ணிப் போத்தல் ஊத்துப்பட்டது ஐயா" என்றார் அம்மா, அவர் கேட்காமலே. "அக்காவுக்குப் பயத்தில கை நடுங்கி."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரீச்சர்மார் ஏறுகிறார்கள். சுவிட்ச் என் சட்டைப் பையில் இருக்கப்போகிறது. அமத்திப் பார்த்தேன், ஒன்றும் அணையவில்லை, ஒன்றும் பற்றவில்லை.

பெரியம்மா, உங்கள் கை நடுங்கவில்லை. துவக்கு கிளிக்கென்ற நேரமே என் காற்சட்டை நனைந்துவிட்டது. போத்தல் வந்தது அதற்குப் பிறகு. நீங்கள் குனிந்து அதை எடுத்ததையும், மூடியைத் திருகிக் கழற்றியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முழுவதையும் என் மடியில் ஊற்றிவிட்டு, பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி "ஐயோ, என்ட கை" என்றீர்கள். இதை நாளைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லி முதலில் பழகிப் பார்க்கிறேன்.

இருக்கையைப் பற்றி யோசிக்க வேண்டாம். பரிசோதகர் அதைத் தட்டிப் பார்த்து, குறை இல்லை என்று எழுதித் தந்திருக்கிறார்.