செப்பு வில்லையின் முதல் குமிழி

11.2.2004, புதன்
எம்.எஸ்ஸி புராஜெக்ட்டில் எனக்கும் ஹுமாவுக்கும் வந்த வேலை இது: ஹீட்டர் மேல், தண்ணீருக்கு அடியில் வைக்கும் வட்ட வில்லை சிறியதா பெரியதா, செம்பா எவர்சில்வரா என்பதைப் பொறுத்துத் தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கத் தொடங்குகிறது? சின்ன வில்லையில் குமிழி பிறக்க இடம் குறைவு, தாமதமாகத்தான் கொதிக்கும். இன்றும் அப்படியே. லேபில் சின்னச் சாமான் காணாமல் போகிறது. சின்னச் செப்பு வில்லையை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், இனி தினமும் அப்படித்தான்.

13.2.2004, வெள்ளி
தலைகீழ். சின்னச் செப்பு வில்லை பெரியதை முந்திவிட்டது. எங்கே தப்பு?

16.2.2004, திங்கள்
எங்கள் கைடு சிங்காரவேலு சார் அளவுகளைப் பார்த்துவிட்டு, "வூட்ல உக்காந்து எழுதுனதா?" என்றார். ஹுமா வாதாடினாள். அளவெடுத்தவள் நான் – எனக்கு வாயே வரவில்லை. வெள்ளிக்குள் காரணம் சொல்லாவிட்டால் புராஜெக்ட் கிடையாதாம். எங்க வூட்ல மொதமொத படிச்சவ, பொய் எழுதுனவன்னு பேர் வாங்கணுமா?

19.2.2004, வியாழன்
அம்மா நாளைக்காக விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தாள், புளியும் செங்கல் பொடியும் வைத்து. கையில் என் வில்லை.

"வெளக்கு மூடின்னு நெனச்சேன்டி. களிம்பு புடிச்சிக் கெடந்துச்சி, போன வாரமும் தேச்சேனே."

வெளிச்சத்தில் பார்த்தேன். மேலெல்லாம் மெல்லிய கீறல். ஒவ்வொரு கீறலும் ஒரு குமிழிக்கு இடமோ?

20.2.2004, வெள்ளி
சாரிடம் வில்லையின் கீறல்களைக் காட்டி, அம்மா தேய்த்ததைச் சொன்னேன். செங்கல் பொடிப் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன்.

"பெரிய வில்லையையும் தேச்சி, உங்க முன்னாடியே கொதிக்க வைக்கிறேன் சார்."

பெரியது சின்னதை முந்தியது. எவர்சில்வரையும் தேய்த்துப் பார்த்தேன்; அது கெட்டி, பொடிக்குக் கீறல் அவ்வளவாக விழவில்லை, பழையபடியேதான் கொதித்தது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"அன்னைக்குத் தெரியாதுங்க சார்."

சிரித்துவிட்டார். "இவ பேசுறா சார், குறிச்சி வெச்சிக்குங்க" என்றாள் ஹுமா.

23.2.2004, திங்கள்
செம்பு, எவர்சில்வர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப முதலிலிருந்து. இரண்டிலும் சின்னதுதான் தாமதம். அப்பாடா.

7.4.2004, புதன்
வைவா. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்த அளவுகளை நம்பலாமா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சார் சொன்னார்: "இந்தப் பொண்ணு எடுத்ததுங்க. நம்பலாம்."

அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தெரியும். தூங்கிப்போய் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டி இறங்கினேன். வெயிலில் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் சிரிப்பாக வந்தது.