வாய்க்கால் கரைக்கு ஒரு வண்டி

அக்டோபர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். எட்டாம் வகுப்பு விடைத்தாள் பாதி திருத்தியாயிற்று. குடமுருட்டியில் தண்ணீர் நிறைய. திருக்காட்டுப்பள்ளி பாலத்தில் பஸ் நின்றபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டில் இன்றும் வண்டிப் பேச்சு. அவர் குவைத்திலிருந்து வந்து இரண்டு மாதம். இருபத்து நாலு வருஷம் அங்கே லாரி ஓட்டியவர், இங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு.

வண்டி தேவைதான். எங்கள் வயல், ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே; வாய்க்கால் கரையோடு போக வேண்டும். மழை விழுந்தால் சைக்கிள்கூட நகராது. முன்பெல்லாம் நாற்றுக்கட்டும் உரமூட்டையும் தலைச்சுமையாகப் போகும். இப்போது சுமக்க ஆண்கள் இல்லை. பாதிப் பேர் சிங்கப்பூர், மீதி திருப்பூர். நடவுக்குக் காளியம்மாள் கூட்டிவரும் பெண்கள்தான். அவளும் போன வாரமே சொல்லிவிட்டாள், நட்டுத் தருகிறோம், கட்டு சுமக்க எங்களால் ஆகாது என்று. அவளுக்கும் என் வயதுதான், ஐம்பத்திரண்டு.

அவர் சொல்ல நான் எழுதியது:
1. பவர் டில்லர், பின்னால் டிரெய்லர்.
2. பழைய ஜீப். திருவையாற்றில் ஒன்று விலைக்கு இருக்கிறதாம்.
3. நாலு சக்கர பைக். சேறு, மணல், மேடு எதிலும் ஏறும். தடித்த டயர்.

மூன்றாவதைச் சொல்லும்போது குரலே வேறு. வெள்ளிக்கிழமைகளில் குவைத்துப் பிள்ளைகள் அதை மணல்மேட்டில் ஏற்றி இறக்குவதை, லாரியை ஓரம் கட்டிவிட்டு நின்று பார்ப்பாராம். ஒருநாள்கூட ஓட்டினதில்லை.

சமையலறை ஓடு ஒன்று ஒழுகுகிறது. ஆள் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 5, புதன்

மழை இல்லை, புழுக்கம். பள்ளி விட்டதும் தஞ்சாவூர் போய்ப் பவர் டில்லர் பார்த்தோம். கைப்பிடியைப் பிடித்ததும் உடம்பெல்லாம் அதிர்கிறது. சேற்றில் பின்னாலேயே நடக்க வேண்டும், இவர் முழங்கால் தாங்காது. வேண்டாம் என்றார்.

கடைக்காரர் ஒரு விளக்கப் புத்தகம் கொடுத்தார். இவர் வாங்கி அப்படியே என்னிடம் நீட்டி, படிக்கச் சொன்னார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டாராம். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.

அக்டோபர் 8, சனி

திருவையாறு. ஜீப்.

காலையில் நானே போய்க் கரையை அளந்து வைத்திருந்தேன். பொதுவாக ஆறடி. மதகுக்குப் பக்கத்தில் நாலரை. ஜீப் அங்கே திரும்பாது. சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறிவிட்டார். நானும் பின்னால் ஏறினேன், ஜீப்காரர் அவர் பக்கத்தில்.

ஆற்றங்கரைத் திருப்பத்தில் எதிரே ஒரு சைக்கிள். பெரியவர் ஒருவர், பின்னால் வாழைத்தார். இவர் வேகம் குறைக்கவில்லை. நான் கத்தினேன். பிறகுதான் பிரேக். வாழைத்தார் சரிந்து ரோட்டில் விழுந்தது, பெரியவர் விழவில்லை. ஜீப்காரர் இறங்கிச் சுற்றி வந்து, இவரை நகரச் சொல்லித் தானே ஓட்டினார்.

மதியம் மீன். முள் எடுக்கத் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்க்கிறார், கோழி பார்ப்பதுபோல. வந்த நாளிலிருந்தே அப்படித்தான். இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அக்டோபர் 9, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என் தம்பி வந்து எதிரே நின்று சிரித்தான். இவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் "மாமா" என்றதும்தான் கையைப் பிடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். முதலில் கோபம். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்துப் போட்டார். கம்பெனி டாக்டரின் சான்றிதழ். வாகனம் ஓட்டத் தகுதியற்றவர். சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றிருக்கிறது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்று என்னிடமும் ஊரிடமும் சொன்னது பொய்.

"பிலோ, நேராப் பாத்தா நடுவுல ஒரு கறுப்பு. ஓரமெல்லாம் தெரியுது. ஒம் முகத்தப் பாக்கணும்னா ஒங் காதப் பாக்கணும்."

அழவில்லை. நான்தான் அழுதேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மகனிடம்கூட. டிரைவர் லூர்துசாமிக்குக் கண் போய்விட்டது என்று ஊர் பேசக் கூடாதாம். கண் ஆஸ்பத்திரிக்கு நடவு முடிந்து வருகிறாராம்.

சரி என்றேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

ஜெரால்டு கனடாவிலிருந்து போன். நாலு சக்கர பைக் பற்றி அங்கே எல்லாம் படித்துவிட்டான். அதையே வாங்கச் சொல்கிறான். வேலைக்கு வேலையும் ஆச்சு, அப்பாவுக்கும் ஜாலியா இருக்கும், லீவுக்கு வரும்போது பிள்ளைகளும் ஓட்டுவார்கள் என்றான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். நன்றாக இருக்கிறார் என்றேன்.

இடைவேளையில் விடைத்தாள் உறையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தது:
ப. டி. — முழங்கால். இல்லை.
ஜீப் — இருந்தால் ரோட்டுக்குப் போவார். கூடவே கூடாது.
நா. ச. பைக் — பதிவே கிடையாது, ரோட்டில் ஏற்றச் சட்டம் இடம் தராது. கரையும் வயலும்தான். அங்கே யார் குறுக்கே வரப்போகிறார்கள்?

நாலாவதாக "எதுவும் வேண்டாம்" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் விதம் கண்ணில் வந்தது.

அக்டோபர் 14, வெள்ளி

அரை நாள் லீவு. திருச்சி. வெயில்.

கடையில் மூன்று இருந்தன. பெரியது இவருக்குப் பிடித்தது. கைப்பிடி, இருக்கை எல்லாம் தடவிப் பார்த்தார். நான் சின்னதைத்தான் பார்த்தேன். கியர் போட வேண்டியதில்லை. முன்னும் பின்னும் சுமை வைக்கக் கம்பிச் சட்டம். நாலு நாற்றுக்கட்டு பின்னால், இரண்டு முன்னால். மதகைத் தாண்டலாம். வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு திருகு உண்டு என்றார் விற்பனையாளர். எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கித் தரச் சொன்னேன். டீச்சரம்மா ரொம்பப் பயப்படறாங்க என்று சிரித்தார்.

கடைக்குப் பின்னால் வெறும் மனையில் ஓட்டிப் பார்த்தார். மண்குவியலில் ஏற்றி இறக்கினார். சத்தம் போட்டுச் சிரித்தார். குவைத்திலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன். ஒரு சிவப்புக் கூம்பைத் தட்டிவிட்டார். எல்லாருக்கும் முதல் தடவை தட்டும் என்றார் விற்பனையாளர். நான் கூம்பை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

சின்னதையே எழுதச் சொன்னேன். என் பெயரில்.

அக்டோபர் 16, ஞாயிறு

வண்டி வந்தது. பச்சை. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார்.

மாலை கரையோடு என்னைப் பின்னால் உட்கார வைத்து வயல்வரை. கொக்குக் கூட்டம் எழும்பிப் பறந்தது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாற்றங்காலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்து சூழ்ந்துகொண்டார்கள். காளியம்மாள் டயரைத் தட்டிப் பார்த்து, எருமை மாதிரியில்ல இருக்கு என்றாள். எல்லோரும் சிரித்தோம். பெண்களில் ஒருத்தியை ஏற்றி ஒரு சுற்று வந்தார்.

"மெதுவா" என்று அவரிடம் நாலு தடவை சொல்லியிருப்பேன். வேறெதுவும் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

மூன்றாம் பீரியடில் ஆபீசுக்குப் போன். வயலில் விபத்து. காளியம்மாள்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் ரோட்டில் நின்றது. கரைக்குள் அது வராது. கட்டிலில் வைத்து நாலு பெண்கள் சுமந்து வந்தார்கள். வலது தொடை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அவள் சத்தமே போடவில்லை. சேலையெல்லாம் சேறு.

வண்டி மதகுப் பக்கம் வாய்க்காலில் சாய்ந்து கிடந்தது. நாற்றுக்கட்டுகள் தண்ணீரில்.

அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். சிராய்ப்பு மட்டும்.

அக்டோபர் 19, புதன்

லீவு சொல்லிவிட்டேன். மழை விடவில்லை. ஒழுகும் ஓட்டுக்குக் கீழே குண்டான்.

அவர் சொல்வது: அவள்தான் வழுக்கிக் குறுக்கே விழுந்தாள். மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் ஒரே வார்த்தைகள். நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது. தொடையில் கம்பி. திருப்பூரிலிருந்து மகள் செல்வி வந்துவிட்டாள், பனியன் கம்பெனியில் வேலை. வராந்தாவில் அவளைப் பார்த்தேன். எழுந்து நின்றாள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டதற்கு, வரப்பில் வழுக்கி விழுந்தேன் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாளாம். வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லையாம். இனி குந்தி உட்கார முடியாது, சேற்றில் இறங்கக் கூடாது என்கிறார்களாம். செல்வி இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மீதி நடவுக்கு ஆட்கள் வரவில்லை. பறித்த நாற்று அப்படியே கிடக்கிறது.

வண்டிச் சாவி அரிசி டின்னில். அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 20, வியாழன்

பள்ளிக்குப் போனேன். எல்லோரும் விசாரித்தார்கள். "வழுக்கி விழுந்துட்டாளாமே" என்றார் தலைமை ஆசிரியர். ஆமாம் சார் என்றேன். என் வாயும் அந்த வார்த்தைகளுக்குப் பழகிவிட்டது.

அக்டோபர் 22, சனி

தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு.

பெண்கள் வார்டு. ஆறாவது கட்டில். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஒடிந்த வலங்கைமான் அம்மா ஒருத்தி, தூங்கிக்கொண்டிருந்தாள். செல்வி டீ வாங்கப் போனாள். காளியம்மாள் எழுந்து உட்காரப் பார்த்தாள், நான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். நட்ட வயலுக்குத் தண்ணீர் வடித்தாயிற்றா என்று கேட்டாள்.

அன்றைக்கு என்ன நடந்தது, அவர் சொன்னதை விடு, நீ சொல் என்றேன்.

"மதகுகிட்ட கரை உள்வாங்கியிருந்துச்சு டீச்சர். வண்டி எறங்கிரும்னு, கையக் காட்டிக்கிட்டுக் கரை நடுவுல நின்னேன். ஐயா என்னையப் பாத்துக்கிட்டேதான் வந்தாங்க."

அவருக்கு நேராகப் பார்த்தால் எதிரே இருப்பது தெரியாது, கண் போய்விட்டது என்று சொன்னேன். மேலே விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப ஐயா என்னையப் பாக்கலயா?"

"பாக்கல, காளியம்மா."

"பாத்துட்டுத்தான் நிறுத்தாம வர்றாங்கன்னு நெனச்சேன். எனக்காக எதுக்கு நிறுத்தப்போறாங்கன்னு."

கோபமே இல்லை. மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அப்படி நினைத்தவள் ஏன் டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய் என்று கேட்டேன். அடுத்த வருஷமும் உங்கள் வயலுக்குத்தானே நடவுக்கு வர வேண்டும் என்றாள். இனி நட முடியாது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை.

எனக்கு எப்போதிருந்து தெரியும் என்பதையும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் செல்வி டீயோடு வந்துவிட்டாள்.

வாங்கிப்போன சாத்துக்குடி பையோடு திரும்பி வந்தது.

வீட்டில் அவரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கண் போனதை ஊருக்கு மறைத்துவிட்டோம் என்று இருந்தவர். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்துட்டு ஏத்துனேன்னா நெனச்சா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடியும் அதையே கேட்டார். சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை.

அக்டோபர் 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆறரைக்கே வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்றார். பஸ் படி இறங்கும்போது முதன்முறையாக ஊரார் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறு என்பதால் வார்டு முழுக்கக் கூட்டம். உள்ளே நான் மட்டும் போகிறேன், நீ வாசலில் நில் என்றார். எத்தனையாவது கட்டில் என்று கேட்டார். சொன்னேன். ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டுக் கம்பியையும் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். வழியில் யாரோ தூக்குவாளியோடு இடித்துக்கொண்டு போக, ஒரு கட்டிலை எண்ணாமல் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"காளியம்மா, சத்தியமா நான் ஒன்னப் பாக்கல. எனக்குக் கண்ணு தெரியாது. தெரியாமலே ஓட்டுனேன்."

எதிரே படுத்திருந்த வலங்கைமான் அம்மா போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வார்டில் பேச்சு நின்றது. நான் ஓடினேன். அதற்குள் ஆறாவது கட்டிலிலிருந்து, மெதுவாக, காளியம்மாள் கூப்பிட்டாள்.

"ஐயா, நான் இங்க இருக்கேன்."