முதல் முடி வெட்ட யாரைக் கேட்பது

நிக்ஷிச்,
ஏப்ரல் 16.

அன்பு மகள் சென்காவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு இருக்கிறோம், இந்த வயதில் அதுவே பெரிய விஷயம், அங்கே நீயும் மருமகனும் என் செல்லம் இலியாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். ஆஸ்திரேலியாவில் இனிமேல்தான் குளிர் தொடங்கும் என்று அப்பா சொல்கிறார், குழந்தையை வெறுங்காலோடு தரையில் விடாதே, இரண்டு பக்க ஜன்னலையும் ஒன்றாகத் திறந்து வைத்து எதிர்க்காற்றில் உட்கார வைக்காதே. மருமகன் சிரிப்பார், சிரிக்கட்டும், நாளைக்குக் குழந்தைக்குக் காது வலி எடுத்தால் அந்தச் சிரிப்பா வந்து ஆற்றப்போகிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில், கூடத்தில் இருப்பது உன் அப்பா, நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் மூன்று வார்த்தை கத்துவார். இது அவர் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி.

கோடையில் வரும்போது இலியாவுக்கு முதல் முடி வெட்ட வேண்டும், எனக்கு வெட்டிய ரெஷாத் மாமாவே அவனுக்கும் வெட்டட்டும் என்று போன மாதம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். இங்கே வீடு இரண்டுபட்டது. உன் அத்தைக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ, மறுநாளே வந்து உட்கார்ந்துகொண்டு, "முடி வெட்டி கூம் உறவாகறதெல்லாம் ஆம்பள வழியிலதான், பொண்ணு வழிக்கு ஏதுடி கூம்? அதுவும் மசூதிக்குப் போற வீட்டு ஆளா? நம்ம ஆளுங்களுக்கு என்ன பஞ்சமா வந்துடுச்சு?" என்றாள். அப்பா பாய்ந்துவிட்டார். "கூம்னா சட்டைப் பொத்தானா, அறுந்தா வேற வெச்சுத் தெச்சுக்க? என் பொண்ணு தலையில முதல்ல கத்திரி வெச்சவன் அவன். ஒரே மாதாகோயில்ல ஞானஸ்நானம் பண்ண முடியாத ரெண்டு வீட்டைச் சேர்த்து வைக்கத்தானே பெரியவங்க இந்த முடி வெட்டற உறவை வெச்சாங்க" என்று அப்படி ஒரு சத்தம். சத்தம் போட்டவருக்கு எட்டு வருஷமாக அந்தக் கூம் வீட்டுப் படி ஏற மனசு வரவில்லை என்பது உனக்கும் தெரியும். கடைசியாக ரெஷாத் இங்கே வந்தபோது இவர் வழக்கம்போல, எல்லாரும் ஒண்ணா இருந்த எப்பேர்ப்பட்ட நாடு அது, எவனோ நாலு பேர் சேர்ந்து சண்டை மூட்டி உடைச்சுட்டானுங்களே என்று தொடங்க, அவர், "உனக்கு உடைஞ்சது நாடு யாகோஷ். எனக்கு எரிஞ்சது வீடு" என்று சொல்லிவிட்டுப் பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் பைராம் பண்டிகை அன்று நானும், நம் கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி ஹஸ்னியாவும் போனில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம், அவ்வளவுதான். அந்தக் கயிறும் அறுந்துவிடக் கூடாதே என்று எனக்குத்தான் அடித்துக்கொள்ளும்.

கூமைப் போனில் கேட்கக் கூடாது, வாசலுக்குப் போய் நின்றுதான் கேட்க வேண்டும். அதனால் போன வாரம் இரண்டு பேருமாக அவர்கள் இருக்கிற மோஸ்தாருக்குப் பஸ் ஏறினோம். எனக்கு முட்டிவலி, அவருக்கு முணுமுணுப்பு. எல்லையில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையைக் கேட்டதும், "அப்பெல்லாம் ஒஹ்ரித் ஏரியிலேருந்து ஸ்லொவேனிய மலை வரைக்கும் ஒரே நாடு, ஒரு நாயும் என்னைப் பேர் கேட்டதில்ல, இப்ப பக்கத்து ஊருக்குப் போக மூஞ்சியைக் காட்டணுமாம்" என்று கண்டக்டரிடம் ஆரம்பித்தார். அப்புறம் என்ன, அந்தக் கடற்கரைக் கதைதான். நீ இலியாவைத் தூங்க வைக்கும்போது சொல்வதாகச் சொன்னாயே, அதே கதை. எழுபத்தொன்பது ஆகஸ்டில் நாம் மூன்று பேரும் ரெஷாத்தும் ஹஸ்னியாவும் அந்தக் குட்டி ஃபிச்சா காரில் நாடு முழுக்கச் சுற்றியது, திரும்பும்போது கடலோரத்தில் ஒரு ஊரில் ஒரு அறையும் காலியில்லாமல் போனது, "கடல் யாரோடது? நம்மளோடதுதானே!" என்று அப்பா எல்லாரையும் மணலுக்குக் கூட்டிப்போய்ப் பாடிப்பாடித் தூங்க வைத்தது. அது மணலும் இல்லை, கூழாங்கல். கதையில் அது மணலாகிப் பல வருஷம் ஆகிறது. அப்படி வெட்டவெளியில் பயமில்லாமல் படுக்க முடிந்தது அந்த நாட்டில்தான், இன்றைக்குப் படுத்தால் காலையில் செருப்பு இருக்காது என்று முடிப்பார். கண்டக்டர் தலையாட்டினான். எனக்கு அந்த நாடும் வேண்டாம் இந்த நாடும் வேண்டாம் சென்கா, முட்டிவலி குறைந்தால் போதும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹஸ்னியா கீரை வைத்துப் பீத்தா சுட்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "ஏன்டி மிலொசாவா, நீயும் கிழவி ஆயிட்டியா, நான் மட்டும்தான்னு நெனச்சேன்" என்று ஒரு பாட்டம் அழுது முடித்தாள். ரெஷாத் இளைத்துப்போயிருக்கிறார், ஆனால் கத்திரி பிடிக்கும் கை நடுங்கவில்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். வந்த காரியத்தை அப்பா கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்க மாட்டேன் என்கிறார். மழையைப் பேசினார், ஓய்வூதியத்தைப் பேசினார், நான் மேஜைக்கு அடியில் காலை மிதிக்கிறேன், பிறகு சூடு பிடிக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஞாபகம் இருக்கா ரெஷாத், அந்தக் கடற்கரை" என்று தொடங்கிவிட்டார். ரெஷாத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "இருக்கு, இருக்கு" என்றார். இவர் விடாமல், "யாராவது நம்மைப் பேர் கேட்டானா, ஊர் கேட்டானா" என்றபோது ஹஸ்னியா காப்பித் தட்டை டக்கென்று வைத்தாள். "போதும் கூம், நிறுத்துங்க. கேட்டாங்க" என்றாள்.

ரெஷாத், "விடு ஹஸ்னியா" என்றார். அவள் விடவில்லை. அன்றைக்கு அப்பா காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், நான் மடியில் தூங்கிய உன்னோடு காரில் இருந்தேன், அவர்கள் இரண்டு பேரும் அறை கேட்கப் போனார்கள், தூக்கத்தில் இருந்த உனக்கு அது தெரிந்திருக்காது. அறை இருந்ததாம். இரண்டு அறை. வீட்டுக்காரி திறந்து காட்டினாளாம். "எனக்கு ஆறு மாசம், காலு வீங்கிக் கெடக்கு, கட்டில்ல உக்காந்து செருப்பைக் கழட்டிட்டேன். அப்பதான் அவ பேர் எழுத அட்டையைக் கேட்டா. இவர் பேரைப் படிச்சா. அட்டையை மடிச்சுக் கையில குடுத்துட்டு, எங்க அண்ணன் குடும்பம் வர்றாங்க, மறந்தே போச்சுன்னா. நான் திரும்பச் செருப்பை மாட்டிக்கிட்டு எந்திரிச்சேன்" என்றாள். இத்தனையும் சத்தமே போடாமல் சொன்னாள். "அந்த ராத்திரி முழுக்க முதுகுல கல்லு குத்திச்சு. நீங்க பாடினீங்க. முப்பது வருஷமா என் வீட்டு மேஜையில உக்காந்து அதைச் சொர்க்கம்னு சொல்றீங்க, நானும் காப்பி ஊத்திக் குடுக்கறேன்."

அப்பா முகம் வெளுத்துவிட்டது. எழுந்து பால்கனிக்குப் போனார், திரும்பி வந்தார், என் கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். கேட்க வந்ததைக் கேட்காமலே கிளம்பிவிட்டோம் சென்கா. ரெஷாத் படியில் இறங்கி வந்து என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தார், இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு ஓரத்தில், நடுவில் நான். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேரையும் பஸ்ஸுக்கு முன்னால் தள்ளியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் அப்பா சவரம் செய்யவில்லை. அத்தை வந்து, "என்ன, முடியாதுன்னுட்டானா? நான்தான் அப்பவே சொன்னேனே" என்றதற்குக்கூடப் பாயவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. இனி எந்த முகத்தோடு கேட்பது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இலியாவுக்கு முடி வெட்ட ஆளில்லாமல் போய்விடும் என்பது இல்லை, கத்திரி பிடிக்க ஊரில் ஆயிரம் பேர். நாங்கள் கண்ணை மூடினால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூட இருக்காது, என் பேரன் அவர்கள் பெயரையே கேட்காமல் வளர்வான் என்பதுதான் என் கவலை. வேண்டிக்கொள்ளவும் சலிப்பாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டிருக்கிறார், கையில் ஒரு பொட்டலம்கூட இல்லாமல்.

ராத்திரி திரும்பி வந்தவர் வாயிலிருந்து பல் பிடுங்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரெஷாத் கதவைத் திறந்ததும், அப்பவே ஏன்டா சொல்லலை என்று கேட்டாராம். "சொல்லியிருந்தா நீ அவ கதவை ஒடைச்சிருப்பே. போலீஸ் வந்திருக்கும். சென்கா அப்பதான் தூங்கியிருந்தா" என்றாராம். சரி, அப்புறம் முப்பது வருஷம்? "அந்தக் கதையைச் சொல்றப்ப உன் மூஞ்சியை நீ பாத்ததில்ல யாகோஷ். எனக்கு இருக்கறது ஒரு கூம்" என்றாராம். பிறகு அப்பா ஹஸ்னியாவிடம் போய் மன்னிப்பு கேட்டு, பேரனுக்கு முடி வெட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நாடு நல்லதா கெட்டதா என்பதில் இரண்டு பேரும் அன்றைக்கும் மத்தியானம் வரைக்கும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், அது அவர்கள் கட்டையோடு போகும். ஹஸ்னியாதான் பதில் சொன்னாளாம்: "கடவுளுக்கும் கூமுக்கும் முடியாதுன்னு சொல்லக் கூடாது. வெட்டறது அவர். பிள்ளையை மடியில வெச்சுக்கறது நான். ஆனா அந்தக் கடற்கரை ஊர்லதான் வெட்டணும். அறை போடறது என் புருஷன் பேர்ல."

நேற்று அப்பா தானே சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஊருக்குப் போன் போட்டார். இப்போது அது வேறு நாடு, எண்ணுக்கு முன்னால் என்னென்னவோ சுழற்ற வேண்டியிருக்கிறது. மறுமுனையில் யாரோ சின்னப் பெண். இவர் சண்டைக்குத் தயாராக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பேர் எழுதிக்கோம்மா. ரெஷாத். ரெஷாத் ஹஜிமூசிச். சரியாக் கேட்டுதா? இன்னொரு தரம் சொல்லட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அப்புறம் சத்தமே இல்லை. நான் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தேன். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாங்கிக் காதில் வைத்தேன். "தாத்தா, பெரியவங்க இருக்கீங்களே, கீழ்த்தளத்துல தரட்டுமா? தலகாணி எத்தன போடணும்?" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆளுக்கு இரண்டு போடும்மா என்றேன். போனை வைத்ததும் உன் அப்பா, "இதை அன்னிக்கு ஒருத்தி கேட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும், மிலொசாவா" என்று கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை. உன் அத்தை வருகிற நேரமாயிற்று, முகத்தைக் கழுவிட்டு வாங்க என்று நான்தான் எழுப்பினேன்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் வாழ்க்கையிலேயே நன்றாகத் தூங்கிய இரவு அது என்று நீ சொல்வாய். நன்றாகத்தான் தூங்கினாய், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதை யாரும் உன்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஹஸ்னியாவின் மடியில் உன் பிள்ளையை உட்கார வைக்கும்போது உனக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. அப்பாவிடம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவராகச் சொல்வார்.

அதுவரைக்கும் இலியா தலையில் கத்திரி படக் கூடாது, கண்ணில் விழுந்தால் கொண்டை ஊசி குத்தி ஒதுக்கிவிடு, மருமகனிடமும் கண்டிப்பாகச் சொல்லி வை. அந்த ஊருக்குப் போக வழியில் எல்லை இருக்கிறது, குழந்தைக்கும் பாஸ்போர்ட் கேட்பார்கள், மறந்துவிட்டு வந்து நிற்காதே. கடவுள் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், பிரயாணம் நல்லபடியாக முடியட்டும், நீ வரும் வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும், மோஸ்தாரில் அவர்கள் இரண்டு பேருக்கும், மூச்சு நிற்காமல் இருக்கட்டும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா மிலொசாவா